அண்ணாவுக்கு நான் எழுதிய வக்காலத்து

எங்கள் வீட்டில் ஆறு கால்பந்து அணிகள் இருந்தன. வீடு என்பது வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்த சின்ன ஃப்ளாட். அதற்குள் ஐந்து பேர் இருந்தோம். முன்னறையில் அப்பா, அம்மா, நான். பின்னறையில் அம்மாவின் தமக்கையான பெரியம்மாவும் அவருடைய ஒரே மகனும். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்த அண்ணா எனக்கு இல்லை. பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்னரே காலமாகிவிட்டார். மகனின் படிப்பை முன்னிட்டுப் பெரியம்மா யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்திருந்தார்.

இந்த ஆறு அணிகளிலும் ஒருவர்கூடப் பந்தை உதைத்தது கிடையாது. எல்லாரும் அண்ணாவின் பழைய கணினிக்குள் இருந்தார்கள். இரண்டு அணிகளைத் தெரிவு செய்து ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். கணினி இரண்டு பக்கத்துக்கும் தானே ஆடி, தானே கோல் போட்டு, தானே விசில் அடித்து முடித்துவிடும். யாரை இறக்குவது, யாரை வெளியே இருத்துவது என்று ஆட்டத்துக்கு முன் சொல்வதும், தோற்றபின் கணினியைத் திட்டுவதும்தான் எங்கள் வேலை.

அணிகளின் பெயர்களையும் வீரர்களின் பெயர்களையும் அண்ணா மாற்றியிருந்தார். அவருடையது பம்பலப்பிட்டி. என்னுடையது மாளிகாவத்தை. அப்பாவின் அணி கிருலப்பனை. அப்பா ஒருநாளும் ஆட்டத்தைப் பார்த்ததில்லை, பேப்பருக்குப் பின்னாலிருந்து "கிருலப்பனை என்ன மாதிரி?" என்று கேட்பதோடு அவருடைய நிர்வாகம் முடிந்துவிடும். அம்மா தெஹிவளையை எடுத்துக்கொண்டு, அதன் வீரர்களுக்குத் தனக்குப் பிடிக்காத சொந்தக்காரர்களின் பெயர்களை வைத்திருந்தார். அவர்களில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டால் அன்றைக்கு எங்களுக்குப் பாயசம் கிடைக்கும். பெரியம்மாவின் அணி கொட்டாஞ்சேனை. அவர் சைவம்தான், ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே உள்ள அந்தோனியார் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார். அந்தப் பக்கத்து அணி தனக்கு இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினார். ஆறாவது அணிக்கு ஆள் கிடைக்காமல், அதைக் கணினியே பார்த்துக்கொண்டது.

பெரியம்மா எவரையும் அணியிலிருந்து நீக்கமாட்டார். காலில் காயம் என்று திரையில் செஞ்சிலுவை காட்டினாலும் அந்த ஆளையே இறக்கச் சொல்லுவார். "பாவம், வெளியில இருத்தினா மனம் நொந்துபோவான்" என்பார். அதனால் கொட்டாஞ்சேனை நொண்டி நொண்டியே ஒரு பருவம் முழுவதும் ஆடி முடித்தது.

ஆட்டங்கள் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும். பருவம் முடிந்ததும் விருதுகள். சிறந்த வீரர், சிறந்த கோல் காப்பாளர், சிறந்த புதுமுகம், நல்லொழுக்கம் என்று நான்கு. இந்த விருதுகளுக்காகத்தான் லீக்கே நடக்கிறது என்று நான் நினைத்தேன். அண்ணாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு அணிக்காரரும் தன்னுடைய வேட்பாளருக்காக ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கு அண்ணா வைத்த பெயர் வக்காலத்து. அண்ணா எழுந்து நின்று ஒவ்வொன்றையும் உரத்து வாசிப்பார். பிடித்த வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போடுவார். பிறகு வாக்கெடுப்பு. தன் அணிக்குத் தானே வாக்களிக்கக் கூடாது.

முதலாம் பருவத்தில் என்னுடைய கோல் காப்பாளர் பொன்னையா முழு லீக்கிலும் அதிகமாகக் கோல் வாங்கியவர். வயதிலும் அவர்தான் மூத்தவர். அவருக்காக எழுத உட்கார்ந்தபோது எனக்குப் பத்து வயது. நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை. அண்ணா பக்கத்தில் வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"குறையை முதல்ல நீயே சொல்லிப்போடு" என்றார். "நீ மறைச்சா மற்ற ஆள் எடுத்துக் காட்டுவான். நீயே சொன்னியெண்டா, மிச்சம் நீ சொல்லுற எல்லாத்தையும் நம்புவினம்."

அப்படியே எழுதினேன். பொன்னையா நிறையக் கோல் வாங்கியவர் என்பது உண்மை. ஆனால் அவருக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் பந்தைக் கண்டதும் விலகி நின்றார்கள். அவர் விழுந்து விழுந்து தடுத்ததை யாரும் எண்ணவில்லை. ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. அண்ணா இதை வாசித்துக்கொண்டு போனபோது பேப்பருக்குப் பின்னால் சத்தம் நின்றது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பொன்னையாவுக்கு மூன்று வாக்குகள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாக்களித்தார். நன்றாக எழுதினால் எதையும் வென்றுவிடலாம் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. அது போவதற்கு வெகுகாலம் எடுத்தது.

அண்ணாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். இடது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த தையல் அடையாளம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பந்தடித்து வந்த வினை. அதற்குப் பிறகு மைதானப் பக்கமே போகக்கூடாது என்று பெரியம்மா சத்தியம் வாங்கியிருந்தார். இருந்தும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா காலையில் ஒருவருக்கும் சொல்லாமல் கிளம்பிவிடுவார். மத்தியானம் தலை ஈரமாக வந்து சேருவார். எங்கே போனாய் என்று கேட்டால் சிரிப்பார். ஒருநாள் படிக்கட்டில் அவருடைய சப்பாத்தில் செம்மண் ஒட்டியிருந்ததைக் கண்டு நான் கேட்டுவிட்டேன். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துப் பெடியன்களோடு விளையாடுகிறாராம். ஓட மாட்டாராம். கோல் மட்டும்தான் காப்பாராம்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். நான் சொல்லமாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

இரண்டாம் பருவம் பாதி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வியாழக்கிழமை பிற்பகல், வகுப்புக்குப் போன அண்ணா திரும்பி வரவில்லை.

போர் முடியாத காலம் அது. கொழும்பில் அப்படி வராமல் போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றியதில்லை. காலி வீதியில் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருந்தவர், அண்ணா ஒரு வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரோடு கதைத்ததைக் கண்டதாக முதல் நாள் அப்பாவிடம் சொன்னார். அடுத்த நாள், தான் அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா அவரோடு கோபிக்கவில்லை. "அவருக்கும் பிள்ளையள் இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புது ஒழுங்கு வந்தது. அப்பா வேலைக்குப் போகுமுன் ஒரு அலுவலகம், வேலை முடிந்து ஒரு அலுவலகம் என்று ஏறி இறங்கினார். அம்மா சமைத்தார், ஐந்து பேருக்கே சமைத்தார். பெரியம்மா கணினியை ஒரு வெள்ளைத் துணியால் மூடி, ஒவ்வொரு நாள் காலையும் அந்தத் துணியை உதறி மறுபடியும் மூடினார். எனக்கு யாரும் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. அண்ணாவைக் கேட்டு யாராவது வந்தால் ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லவேண்டும் என்பது மட்டும் சொல்லித்தரப்பட்டது.

நாலைந்து சனிக்கிழமைகள் ஆட்டமில்லாமல் போயின. லீக்கை நாங்கள் இப்படிக் கிடப்பில் போட்டிருப்பதைக் கண்டால் அண்ணா வந்து கோபிப்பாரே என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை நானே துணியை எடுத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். மிச்சமிருந்த ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினேன். என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. கணினி வழக்கம்போல் ஆடியது. பம்பலப்பிட்டி வென்றுகொண்டே போனது. அவர் இல்லாமல் அவருடைய அணி வெல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதை எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை. கடைசி விசில் அடித்தபோது பம்பலப்பிட்டிதான் முதலிடம்.

பருவம் முடிந்தால் வக்காலத்து எழுதவேண்டும். அணிக்காரர்கள் ஒருவரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்ததால் எல்லாருக்கும் நானே எழுதத் தொடங்கினேன். கொட்டாஞ்சேனைக்காக எழுதிக்கொண்டிருந்தபோது பெரியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் துணியைத் தேடித் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கொப்பியை எடுத்து வாசித்தார். காயத்தோடு ஆடிய அந்த ஆளைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு எழுந்து போய்ப் பின்னறையிலிருந்து ஒரு கடதாசியோடு திரும்பி வந்தார். அப்பா ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வித்த மனு அது.

"கொப்பா இதை எனக்கு வாசிச்சு விளங்கப்படுத்தினவர்" என்றார். "பேர் இருக்கு. அடையாள அட்டை நம்பர் இருக்கு. உயரம், நிறம், போட்டிருந்த சேர்ட் எல்லாம் இருக்கு. என்ர பிள்ளை இதில எங்க இருக்கிறான்?"

நான் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நீ உந்தப் பந்துக்காரருக்கு எழுதிற மாதிரி அண்ணாவைப் பற்றி எழுதித் தாறியே?"

இரண்டு பின்னேரங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். பள்ளிக்கூடத்தில் எந்தக் கட்டுரைக்கும் நான் அவ்வளவு சிரமப்பட்டதில்லை. சில விஷயங்களைப் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அண்ணா தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடுவார். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். எப்படியும் யாருக்காவது எழும்பிக் கொடுக்கவேண்டிவரும் என்பார். குளிக்கும்போது மட்டும் பாடுவார். ஏழு வயதில் ஒரு பூனைக்குட்டியைச் சேர்ட்டுக்குள் ஒளித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர். இந்த வருடம் அவர் ஒருவரோடும் சண்டை பிடித்ததில்லை, ஒரு மஞ்சள் அட்டைக்குரிய குற்றம்கூடச் செய்ததில்லை என்று எழுதினேன். பம்பலப்பிட்டியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர் என்றும் எழுதினேன்.

பிறகு புதிய பந்தியில் குறைகள். ஈரத் துவாயைக் கட்டிலில் போடுவார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவமாட்டார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சொல்லாமல் வெளியே போய்விடுவார். எங்கே என்று கேட்டால் சொல்லமாட்டார்.

கொட்டாஞ்சேனை என்று எழுதவில்லை. சத்தியம் செய்திருந்தேனே.

கடைசி வரியை நாலைந்து தரம் திருத்தி எழுதினேன். "ஆகவே, காணாமல் போனவர்களுள் எமது அண்ணாவை வீட்டுக்கு அனுப்புவதற்குத் தெரிவு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." காணாமல் போனவர்கள் எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறார்கள், அவர்களிலிருந்து சிலரைத் தெரிவு செய்து அனுப்புவார்கள், அதற்காகத்தான் இந்த மனுக்கள் என்று நான் விளங்கி வைத்திருந்தேன். நான் அப்படி நினைக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாததால் யாரும் திருத்தவில்லை.

பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வரி வந்ததும் வெங்காயம் உரித்த கை நின்றது. வெட்டிவிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். உண்மைதானே" என்றார். மறுபடியும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "வடிவா எழுதியிருக்கிறாய்" என்றார்.

அப்பாவுக்கு அதை நாங்கள் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்தப் பந்தியை அவர் கிழித்திருப்பார்.

எனக்குப் பள்ளிக்கூட விடுமுறையாக இருந்த ஒரு நாள் பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். அது எந்த அலுவலகம் என்று எனக்கு அப்போது தெரியாது. நீளமான விறாந்தை, சுவரோரமாக உட்கார வாங்குகள், வாங்கு நிறையப் பெண்கள். எல்லாருடைய மடியிலும் ஒரு படம். என் பார்வை படங்களில் தங்கவில்லை. அவர்களுடைய கடதாசிகளைத்தான் எட்டி எட்டிப் பார்த்தேன். பலரிடம் தட்டச்சு செய்த அரைப் பக்கம். சிலரிடம் கையெழுத்தில் நாலு வரி. ஒருவரிடமும் எங்களுடையதுபோல் இரண்டு பக்கம் இல்லை. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு குதூகலம். வாக்கெடுப்புக்கு முன்னால் வரும் அதே குதூகலம்.

எனக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த ஒரு பெண். மலைநாட்டுப் பேச்சு. காலில் ரப்பர் செருப்பு. மடியில் வைத்திருந்த படத்தில் ஒரு பையன் ஹோட்டல் சீருடையில் நின்றான். அவர் என் கையிலிருந்த கடதாசிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா பாப்பா எழுதுன?"

"ஓம்."

"முத்து முத்தா இருக்கு. என்னா எழுதிருக்க?"

அண்ணாவைப் பற்றி என்றேன். அவர் தன்னுடைய கடதாசியை விரித்துக் காட்டினார். கடை ஒன்றில் யாரையோ பிடித்து எழுதுவித்தது. நாலு வரி.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தாயி. எழுதிக் குடுத்தவருக்கு அவசரம், நாஞ் சொன்னத கேக்கல. எம் மகன் ரொம்ப நல்லா பாடுவான். கோயில்ல அவன்தான் பாடுவான். அது இதுல இல்ல." அவர் கடதாசியைத் திருப்பி வெற்றுப் பக்கத்தைக் காட்டினார். "இதுல ஒரு நாலு வரி எழுதித் தர்றியா? நீ பேனா வச்சிருக்கல்ல."

எங்கள் அண்ணா குளிக்கும்போது மட்டும்தான் பாடுவார். இவருடைய மகன் கோயிலில் பாடுகிறான். இதை நான் எழுதினால் அது நல்ல வக்காலத்தாக வந்துவிடும் என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

"பேனை முடிஞ்சுது" என்றேன்.

பேனை என் சட்டைப்பைக்குள் இருந்தது. அதில் மை நிறைய இருந்தது. பெரியம்மா அப்போது கதவடியில் நின்று முறை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இது கேட்கவில்லை.

"சரிம்மா, பரவால்ல" என்றார் அந்தப் பெண். என்னை அவர் நம்பினார். கடதாசியை மறுபடியும் நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு எழுதுவினைஞர், ஒல்லியான மனிதர். அப்பாவின் மனுவை அதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோப்புக்குள் வைத்தார். என்னுடையதைக் காட்டி என்னவென்று கேட்டார். ஒல்லியானவர் அதைத் தமிழில் வாசித்து வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். பூனைக்குட்டி வந்த இடத்தில் அதிகாரி இலேசாகச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நங்கி, ஒயாத மேக்க லிவ்வே?"

"தங்கச்சி, நீங்களா எழுதினது எண்டு கேக்கிறார்" என்றார் ஒல்லியானவர்.

தலையாட்டினேன். குறைகள் இருந்த பந்தியில் ஞாயிற்றுக்கிழமை வரிக்கு வந்ததும் அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். அந்த வரியை மறுபடியும் சொல்லச் சொன்னார். கடதாசியைத் தன் பக்கம் இழுத்து, தனக்குத் தெரியாத எழுத்துகளுக்குக் கீழே, ஒல்லியானவர் விரலால் காட்டிய இடத்தில், ஒரு கோடு போட்டார். சிவப்புப் பேனை அல்ல, நீலம். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நல்ல வரிக்குத்தானே கோடு போடுவார்கள்.

"ஞாயிற்றுக்கிழமையில அண்ணா எங்க போறவர் எண்டு தெரியுமா?" என்று ஒல்லியானவர் கேட்டார். இதைக் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியம்மா என் பக்கத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"தெரியாது" என்றேன்.

அதிகாரி எதையோ எழுதினார். என்னை வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். பெரியம்மா இன்னும் சற்று நேரம் உள்ளே இருந்தார்.

உள்ளே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியவர வெகுகாலம் சென்றது. போர் முடிந்து வருடங்கள் கழித்து, காணாமல் போனவர்களின் வீட்டாரை மறுபடியும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அப்போது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பழைய கடதாசிகளை ஒழுங்குபடுத்தி நிரப்பிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அலுவலகம் தந்த கோப்பின் பிரதி ஒன்றில் என் பதினொரு வயதுக் கையெழுத்தைக் கண்டேன். கோடு போட்ட வரிக்குப் பக்கத்தில் சிங்களத்தில் ஒரு குறிப்பு. வீட்டாருக்கு அறிவிக்காமல் சொந்த விருப்பில் வெளியேறும் பழக்கம் உள்ளவர். செல்லும் இடம் குடும்பத்தாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் எவரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அதைப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். அவருக்கு அப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, அண்ணா கொட்டாஞ்சேனைக்குப் பந்தடிக்கப் போனது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும் சொன்னேன்.

"எனக்கும் தெரியும்" என்றார் பெரியம்மா. "அவன்ர சப்பாத்தை ஆர் கழுவினது எண்டு நினைச்சனீ?"

"அப்ப ஏன் அந்த அதிகாரிக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். உன்னை வெளியில அனுப்பினாப் பிறகு சொன்னனான். மைதானத்தின்ர பேரும் சொன்னனான். அவர் எழுதேல்லை." பிரதியைத் தடவிப் பார்த்து என் கையில் திருப்பித் தந்தார். "நீ அந்த வரி எழுதாட்டிலும் அவருக்கு வேற ஒண்டு கிடைச்சிருக்கும், பிள்ளை."

"எனக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"பதினொரு வயசுப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்ல?"

அண்ணா வரவில்லை. புதிய விண்ணப்பத்துக்கும் பதில் வரவில்லை. பெரியம்மா போன வருடம் காலமானார்.

அந்த வரியைப் பற்றி நான் அவரிடம் கதைத்தேன். ஆனால் பேனையைப் பற்றி நான் சொன்ன பொய்யை ஒருநாளும் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

அன்றைக்கு விறாந்தையில் நான் தனியாக வந்து உட்கார்ந்தபோது, கொட்டாஞ்சேனைப் பெண் ஆவலோடு என் பக்கம் திரும்பினார்.

"என்னா தாயி சொன்னாங்க?"

"முழுக்க வாசிச்சவை" என்றேன். "ஒரு வரியை ரெண்டு தரம் கேட்டவை. கோடும் போட்டவை."

"நல்லது கண்ணு. உங்க அண்ணே வந்துருவாரு, பாரு." அவர் என் தலையைத் தடவினார்.

பெரியம்மா வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகலாமா என்று எழுந்தேன். அவர் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அடுத்ததாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, நாலாக மடித்த கடதாசியை விரித்துக்கொண்டே உள்ளே போனார். சுவரில் ஒரு மணிக்கூடு இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று எனக்குத் தெரியும். அவர் மூன்று நிமிடத்துக்குள் திரும்பி வந்தார்.

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தப் பெண் செருப்பைப் போட்டுக்கொள்ளக் குனிந்தவர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா எழுந்து போனார். போட்டிருந்த நல்ல சேலையோடு, அந்த ஊத்தை நிலத்தில், அவருக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்து அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பசித்தது. வென்றது நாங்கள், தோற்ற பக்கத்தோடு பெரியம்மா ஏன் இவ்வளவு நேரம் இருக்கிறார் என்று யோசித்துக்கொண்டே வாங்கில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.